முடிவுத் தேதி கட்டாயம்

அலுவலகத்தில் எனக்கு வியாழக்கிழமை என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் தேநீர் அறைக்குள் நான் நுழையும்போது "வியாழக்கிழமை வந்தாச்சு" என்று யாராவது முணுமுணுத்தால் காதில் விழாமலா போகும்? நானூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களுக்கு வாரா வாரம் வியாழன் மாலை நாலரைக்கு அப்டேட் போவது என் பொறுப்பு. போடுவது நானில்லை, ஒரு மென்பொருள். கடையில் வாங்கிய சட்டையை ஆளுக்குத் தகுந்தபடி பிரித்துத் தைப்பதுபோல, அதை எங்கள் இடத்துக்குத் தகுந்தபடி மாற்றி வைத்தது நான்.

முதலில் என் பிரிவின் பத்து மெஷின்களுக்குச் செவ்வாய்க்கிழமையே போய்விடும். அந்தப் பத்துக்கும் பலிகடா என்று பெயர் வைத்திருந்தேன். அவை புதன்கிழமை முழுக்க ஒழுங்காக வேலை செய்தால், மற்றவற்றுக்கு வியாழன். முன்பெல்லாம் திரையில் 'பிறகு' என்று ஒரு பட்டன் வரும். எங்கள் ஆட்கள் அதை அமுக்கியே காலத்தை ஓட்டினார்கள். ஒருத்தர் அறுபத்தொரு தடவை அமுக்கியிருந்தார், எண்ணிப் பார்த்தேன். பட்டனையே பிடுங்கிப் போட்டேன். பதிலுக்குப் பத்து நிமிட எச்சரிக்கை. அது ஒரு பீப் சத்தமாக இருந்தவரை ஒரு ஜீவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால்தான் அக்காவிடம் போனேன்.

அக்கா எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அவள் குரல் நாலு வகுப்பு தாண்டிக் கேட்கும். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, போனை நீட்டி, விஷயத்தைச் சொல்லி, ஒரு வார்த்தை பேசு என்றேன். குழாயைக்கூட மூடாமல் கழுத்தை மட்டும் திருப்பி ஒரே மூச்சில் சொன்னாள்.

"எழுதினதெல்லாம் சேமிச்சு வைங்க. இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

அதை அப்படியே மென்பொருளில் ஏற்றினேன். முதல் வியாழக்கிழமை பாதிப்பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். பிறகு பழகிப்போய் அந்தக் குரலுக்கு டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். டீச்சர் பேசினால் எங்கள் மேலாளர்கூட மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவார். அது யார் குரல் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்னொரு விதியும் செய்தேன். ஒரு பிரிவுத் தலைவர், தன் பழைய புரோகிராமுக்குக் கொஞ்ச நாளைக்கு அப்டேட் வேண்டாம் என்று விலக்கு வாங்கிப் போனார். அந்தக் கொஞ்ச நாள் ஆறு வருடம் ஓடியது. கடைசியில் அந்த ஓட்டை வழியாக வைரஸ் நுழைந்து பதினொரு பேர் மூன்று நாள் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதற்கப்புறம், முடிவுத் தேதி இல்லாமல் விலக்கு கிடையாது என்று வைத்தேன். அதிகபட்சம் தொண்ணூறு நாள். தேதிக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாவிட்டால் 'சேமி' பட்டன் உயிர் பெறாது. தேதிக்கு ஏழு நாள் முன்னால் நினைவூட்டல் மெயில் போகும். யார் வந்து கெஞ்சினாலும் பேசாமல் அந்த நட்சத்திரத்தைக் காட்டுவேன். அதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. எடுத்தால் குரல் போய்விடும், எடுக்காவிட்டால் ஆளே போய்விடுவாள் என்று டாக்டர் சொன்னார். ஐந்து வாரம் இருந்தது. குரல் போவதற்கு முன்னால் ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்தால், பின்னால் எதைத் தட்டச்சு செய்தாலும் அதே குரலில் பேசும் ஒரு புரோகிராம் இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

நான் மாடியில் இருக்கிறேன். அக்காவும் மாமாவும் கீழே. சாப்பாடு எனக்கு எப்போதும் கீழேதான். அந்த ஐந்து வாரமும் சாயங்காலம் அக்கா மாடிக்கு வருவாள். ஜன்னலைச் சாத்தி, எதிரொலிக்காமல் இருக்கக் கட்டில் போர்வையைத் தொங்கவிட்டு, கம்பெனிக்காரன் கொடுத்த வாக்கியங்களைப் படிக்க வைத்துப் போனில் பதிவு செய்வேன். நாளை காற்று வடக்கிலிருந்து வீசும். அந்தப் பெட்டியில் ஏழு மஞ்சள் பொத்தான்கள் உள்ளன. இதையெல்லாம் எந்த மடையன் எழுதினான் என்று கேட்டுக்கொண்டே, வகுப்பில் டிக்டேஷன் போடுவதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஏற்கெனவே கரகரப்பு ஏறியிருந்தது. ஒவ்வொரு ஐம்பதுக்கும் ஒரு மடக்கு வெந்நீர்.

ஆபரேஷனுக்குப் பிறகு கூடத்தில், சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் வழியாக அக்கா பேசினாள். இஸ்திரி போட்டதுபோல ஏற்ற இறக்கம் கொஞ்சம் குறைவு, ஆனால் அவள்தான். மாமாவைத் திட்ட வேண்டுமென்றால் தட்டச்சு செய்து முடிக்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் மாமா வாசலுக்குப் போய்விடுவார். திட்டு காலி நாற்காலிக்கு விழும். போகப் போக அக்கா சத்தத்தைக் கூட்டிவைத்துத் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டாள்.

கண்டதையெல்லாம் அமுக்குகிற கை மாமாவுக்கு. அதனால் வீட்டுக் கம்ப்யூட்டரையும் என் மென்பொருளுக்குள் கொண்டுவந்திருந்தேன், மற்ற மெஷின்களைப் போலவே வியாழன் நாலரை. ஒரு வருடம் கழித்து அந்தக் குரல் கம்பெனியை வேறு யாரோ வாங்கினார்கள். புதிய பதிப்பில் சொந்தக் குரல் வசதி இருக்காது என்று அறிவித்தார்கள். பழைய பதிப்பு அது பாட்டுக்கு ஓடும், அப்டேட் மட்டும் போகக் கூடாது. அவ்வளவுதானே என்று உட்கார்ந்து, அந்தப் புரோகிராமுக்கு விலக்கு போட்டேன். தேதிக் கட்டம் வந்தது. தொண்ணூறு நாள் என்று அடித்தேன். இது அக்காவின் தொண்டை, இதற்கு ஏன் முடிவுத் தேதி என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. கை தானாக அடித்தது.

மூன்று முறை நீட்டினேன். நாலாவது முறை நீட்டவில்லை. நினைவூட்டல் மெயில் வரத்தான் செய்தது. எல்லாப் பிரிவின் நினைவூட்டல்களும் எனக்கு ஒரு நகல் வருவதால், தொல்லை தாங்காமல் அவை தாமாக ஒரு ஃபோல்டருக்குள் போய் விழும்படி வைத்திருந்தேன். அந்த ஃபோல்டரை நான் திறப்பதில்லை.

அந்த வியாழன் நாலரைக்கு நான் அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அலுவலகம் முழுக்க டீச்சர் பேசினாள், எல்லோரும் சேமித்தார்கள். அதே நேரத்தில் வீட்டில், அக்கா தன் மகளுக்குக் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மகள் வேறு ஊரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். கம்ப்யூட்டர் திடீரென்று, எழுதினதெல்லாம் சேமிச்சு வைங்க என்றது. தன் பழைய அதட்டலைக் கேட்டு அக்காவுக்குச் சிரிப்பு வந்ததாம். அவள் சிரிப்பில் இப்போது சத்தம் கிடையாது, தோள் மட்டும் குலுங்கும். சொன்னபடி சேமித்துவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள்.

நான் ஏழு மணிக்கு வந்தபோது மாமா வாசலிலேயே நின்றிருந்தார்.

"உங்க அக்கா வேற யாரோ மாதிரி பேசறா. வந்து பாரு."

அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தை மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாடு ஆச்சா, சாப்பாடு ஆச்சா என்று ஒரு பெண் கேட்டாள். இளம் வயசு, சுத்தமான உச்சரிப்பு, செய்தி வாசிப்பவள் மாதிரி. எங்கள் யாருடைய சாப்பாட்டிலும் அவளுக்கு அக்கறை இல்லை.

என் மென்பொருளின் பதிவேட்டைத் திறந்தேன். மூன்று வரி இருந்தது. விலக்கு முடிந்தது. புதிய பதிப்பு நிறுவப்பட்டது. பழைய பதிப்பின் மிச்சம் துடைக்கப்பட்டது. மூன்றாவதும் என் கைவண்ணம்தான், இடம் அடைக்காமல் இருக்க நான் சேர்த்தது. குப்பைத் தொட்டிக்குப் போகாது, அடியோடு துடைத்துவிடும். ஆயிரத்து அறுநூறு வாக்கியமும் அதே ஃபோல்டருக்குள்தான் இருந்தன. போன் நிறைந்துவிட்டது என்று அதிலிருந்த மூலத்தை எப்போதோ அழித்திருந்தேன். நகலை வேறு இடத்தில் வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவன் நான். என் நகல் அதற்குள்ளேயே இன்னொரு ஃபோல்டரில் இருந்தது. அதுவும் போயிருந்தது.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாரோ ஒருத்தரின் புகாரைப் பார்ப்பதுபோல மூன்று வரியையும் இன்னொரு முறை படித்தேன். பிறகு கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

கம்பெனிக்குப் போன் செய்தால், அந்தச் சேவை நிறுத்தப்பட்டது என்று பதிவு செய்த குரல் சொன்னது. அழிந்த கோப்புகளை மீட்டுத் தருகிற ஒருத்தரிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தேன். ஐந்து நாள் பார்த்தார். ஏழு துண்டு கிடைத்தது என்று ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார். ஒன்றில் மஞ்ச என்று பாதி வார்த்தை. ஒன்றில் மூச்சு இழுக்கும் சத்தம். மற்றவற்றில் இரைச்சல். அவர் மன்னிப்புக் கேட்டார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் எழுதிக் காட்டப் பயன்படுத்திய நோட்டை அலமாரியிலிருந்து எடுத்து வந்து எழுதினாள்.

"தேதி போட்டது யாரு?"

"நான்தான்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விடைத்தாளில் தப்பான கணக்கைப் பார்க்கும் பார்வை. சிவப்புப் பேனாவை எடுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நோட்டை மூடிவிட்டு எனக்குத் தட்டு வைக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா, மகளுக்குப் போன் போட்டாள். கம்ப்யூட்டரிலிருந்து செய்தி வாசிப்பவள், என்னடி ரெண்டு நாளா போனே காணோம் என்றாள். மகள் வெடுக்கென்று போனை வைத்துவிட்டாள். ஏதோ விளம்பரம் என்று நினைத்திருக்கிறாள். இரண்டாவது தடவையும் வைத்தாள். மூன்றாவது தடவை மாமா போனை வாங்கி, உங்கம்மாதான், வைக்காதே என்றார். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அக்கா, அழாத என்று அடித்தாள். செய்தி வாசிப்பவள் மழை நிலவரம் சொல்வதுபோல, அழாத என்றாள். அக்கா கையை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தாள். அதற்கப்புறம் நோட்டுதான்.

மாமா அந்தப் புதுக் குரலை அந்தம்மா என்று சொல்ல ஆரம்பித்தார். அந்தம்மா இன்னைக்கு லீவா என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை. வீட்டில் தட்டு வைக்கிற சத்தமும் பென்சில் சத்தமும்தான். நான் அலுவலகம் போனேன், வந்தேன். செவ்வாயன்று பலிகடாக்களைப் பார்த்தேன், வியாழனன்று மற்றவற்றைப் பார்த்தேன். உடம்பு சரியில்லையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும்படி என் முகத்தில் ஒன்றும் இருந்திருக்காது.

அந்த மாதக் கடைசி வியாழன், பல் வலி என்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். கூடத்தில் நான் நாற்காலியில், எதிரே அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நாலரைக்குக் கம்ப்யூட்டர் பேசியது.

"எழுதினதெல்லாம் சேமிச்சு வைங்க. இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

மாமா சோப்பு நுரை சொட்டச் சொட்டக் கூடத்துக்கு ஓடிவந்தார். அக்காவைத்தான் பார்த்தார். அக்காவின் வாய் மூடியிருந்தது. கையில் ஒரு தலையணை உறை. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது என்று மெஷின் முடித்தது. மாமா மெஷினைப் பார்த்தார், மறுபடி அக்காவைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏறியிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தேன்.

பிரிண்டருக்கான ஏதோ சின்ன அப்டேட். அதற்கான எச்சரிக்கை. நாலு வருடமாக வாரா வாரம் அலுவலகத்தில் கேட்கிறேன். குரல் போன பிறகும் ஒவ்வொரு வியாழனும் கேட்டேன். அது யார் பேசுவது என்று ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இத்தனை நாளில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லு" என்றார் மாமா.

அப்டேட் வந்தால் ஒரு தடவைதான் சொல்லும், கேட்டபோதெல்லாம் சொல்லாது என்று விளக்கினேன். மூவரும் பத்து நிமிடம் அதைப் பார்த்தபடி இருந்தோம். அது தன்னை மூடிக்கொண்டு திறந்தது.

இது கொடுமை என்று எனக்குப் பட்டது. வீட்டு மெஷினுக்கு மட்டும் அந்த எச்சரிக்கையை எடுத்துவிடலாம் என்று மவுஸைப் பிடித்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். மற்றக் கையால் நோட்டைத் திறந்து எழுதினாள்.

"விடுடா. எப்பவாவது ஒரு தடவை என் வாயால பேசிக்கறேன்."

அந்தக் குரல் கோப்பை ஐந்து இடத்தில் நகல் எடுத்துவைத்தேன். இப்போது எடுத்து என்ன? பன்னிரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு எந்தப் புரோகிராமும் ஒரு ஆளைச் செய்ய முடியாது. மாமாவின் போனிலும் ஏற்றி, வேண்டும்போது அமுக்கிக் கேளுங்கள் என்று கொடுத்தேன். ஒரு தடவை அமுக்கினார். போனை மேஜைமேல் வைத்தார்.

"இது போட்டோ பாக்கற மாதிரி இருக்கு. அன்னைக்கு அவளா வந்து பேசினா" என்றார்.

அடுத்த வியாழன் நான் அலுவலகத்தில் இருந்தேன். அந்த வாரம் வீட்டு மெஷினுக்குப் போக வேண்டிய அப்டேட் எதுவும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாமா கூடத்தில் இருந்தார், புதிதாகச் சவரம் செய்து, எங்கேயோ விசேஷத்துக்குப் போவதுபோல இஸ்திரி போட்ட சட்டையில். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டதற்கு, எங்கேயும் இல்லை என்று எழுந்து உள்ளே போனார். நான் மாடி ஏறப் போகும்போது அக்கா பின்னாலேயே வந்து நோட்டை நீட்டினாள்.

"நாலு மணிக்கே வந்து உக்காந்துட்டார். அஞ்சேகால் வரைக்கும் இருந்தார். கடிகாரம் சரியா ஓடுதான்னு ரெண்டு தடவை கேட்டார்."

நான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். அக்கா இரண்டு படி கீழே நின்று நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்திருந்தாள். நான் அழுது முடிக்கிறவரை போகவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு அப்டேட் செய்தேன். அதற்குள் ஒன்றும் கிடையாது. எதையும் சேர்க்காது, எதையும் மாற்றாது, முக்கியமாக எதையும் துடைக்காது. போக வேண்டிய மெஷின், ஒன்றே ஒன்று. நேரம், வாரா வாரம் வியாழன் நாலரை. எச்சரிக்கை, ஆம். காரணம் என்ற கட்டத்தில், அக்கா என்று எழுதினேன். ஒரே மெஷினுக்கென்று தனியாகப் போவதும் விலக்குக் கணக்கில்தான் சேரும் என்பதால், அடுத்து முடிவுத் தேதி. என் கை தொண்ணூறு நாளை அடித்துவிட்டது. அழித்தேன். காலியாக விட்டேன். 'சேமி' பட்டன் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. சிவப்பு நட்சத்திரம் என்னைப் பார்த்தது, நான் மற்றவர்களுக்குக் காட்டிய அதே நட்சத்திரம்.

அதை எடுக்கலாம். எடுக்கும் அனுமதி எனக்கு மட்டும்தான் உண்டு. ஆனால் ஒருத்தருக்கு மட்டும் எடுக்க முடியாது, எடுத்தால் நானூற்றுப் பன்னிரண்டுக்கும் போய்விடும். பழைய புரோகிராமைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் அத்தனை பேரும் நாளைக்கே வரிசையில் வருவார்கள். வந்தார்கள், அது வேறு விஷயம். விதிப் பக்கத்தைத் திறந்து, கட்டாயம் என்ற இடத்திலிருந்த டிக்கை எடுத்தேன். நட்சத்திரம் போயிற்று. பட்டன் உயிர் பெற்றது. அமுக்கினேன்.

அடுத்த வியாழன் மறுபடி பல் வலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மாமா அதே சட்டையில் உட்கார்ந்திருந்தார். வரும் என்று நான் உறுதியாகச் சொல்லவில்லை, சொல்லப் பயமாக இருந்தது. அக்கா கம்ப்யூட்டரில் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். வாய்ப்பாடு, பதினேழாம் வாய்ப்பாடு. சேமிக்க ஏதாவது இருக்க வேண்டுமல்லவா?

நாலரை ஆனது.

"எழுதினதெல்லாம் சேமிச்சு வைங்க. இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

அக்காவின் உதடு கூடவே அசைந்தது. ஒரு எழுத்து முந்தவில்லை, ஒரு எழுத்து பிந்தவில்லை. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது என்று வரும்போது திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் வாய்ப்பாட்டைச் சேமித்தாள்.

மாமா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவர், குரல் நின்றதும் எழுந்தார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, குழாயை மூடாமல் வந்துவிட்டேன் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சமையலறைப் பக்கம் போனார். அக்கா நோட்டை எடுத்து எனக்கு எழுதிக் காட்டினாள்.

"அது அன்னைக்கு உன் போன்ல பேசறப்போ நான் தொறந்து விட்ட தண்ணிடா."

கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அக்கா வேண்டாமென்று தலையசைத்தாள். உள்ளே மாமா குழாயைத் திருகிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"மூடித்தான் இருக்கு" என்றார்.